தனியாக நிற்கும் ‘ஆ’

ஒத்திகை நடுவே செல்லோக்காரர் வில்லை மடியில் வைத்துவிட்டார். வயதில் பெரியவர். “தம்பி, எல்லாரும் அடங்கி வாசிக்கிற இடத்துல எனக்கு மட்டும் ஏன் ஃபோர்ட்டே போட்டிருக்க?” போய்ப் பார்த்தேன். 41-ஆவது பார். தடித்த சாய்வெழுத்தில் ஃபோர்ட்டே, தன்னந்தனியாக. பழைய அச்சுப் பிரதியில் அந்த இடத்தில் ‘மெனோ ஃபோர்ட்டே’ என்று இருக்கிறது. சத்தத்தைக் கொஞ்சம் இறக்கு என்று அர்த்தம். நான் கணினியில் ஏற்றியபோதும் இரண்டும் இருந்தன. கோப்பு ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போன வழியில் ‘மெனோ’ கழன்றுவிட்டது.

தொலைந்துபோகவில்லை என்பது பிறகு தெரிந்தது. கண்டக்டர் முன்னாலிருந்த முழு ஸ்கோரில், முதல் வயலினுக்கும் மேலே, வேகக் குறிப்புகள் நிற்கும் உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் அதை ‘மெனோ மோஸ்ஸோ’ என்று, அதாவது வேகத்தைக் குறைக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு, இரண்டு ஒத்திகையாக அங்கே கையைத் தளர்த்திக்கொண்டிருந்தார். சத்தம் குறைய வேண்டிய இடத்தில் வேகம் குறைந்தது. செல்லோ மட்டும் முழங்கியது.

*

கோப்பை வாங்கிய மென்பொருளைத் திட்டுவதில் நியாயமில்லை. இத்தாலியச் சொற்களின் பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கிறது. ‘மெனோ’ வந்தால் பெரும்பாலும் பின்னால் ‘மோஸ்ஸோ’ வரும், ஆகவே இது வேகம் சம்பந்தப்பட்டது என்று ஊகித்திருக்கிறது. பக்கத்தில் ஒரு ஃபோர்ட்டே நிற்பதை அது பார்க்கவில்லை. பார்க்கும்படி நான் எழுதிக் கொடுக்கவும் இல்லை. கோப்பைத் திறந்தால் இரண்டும் இரண்டு தனித்தனி உறைகளில் கிடந்தன.

*

உறை என்று நான் சொல்வது மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பில் ‘டைரக்‌ஷன்’ என்ற கூறு. மைக்கேல் குட் தன் ரெக்கார்டாரே நிறுவனத்தில் உருவாக்கிய வடிவம் இது. 1.0 பதிப்பு 2004-இல் வந்தது. 2015-இலிருந்து டபிள்யூ3சி-யின் கீழ் இயங்கும் ஒரு குழு பார்த்துக்கொள்கிறது. 4.0 பதிப்பு 2021-இல். இன்றைக்கு ஒரு நோட்டு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்தப் பாலத்தைத்தான் கடக்க வேண்டும்.

டைரக்‌ஷன் ஓர் உறை. அதற்குள் ‘டைரக்‌ஷன்-டைப்’ என்ற சீட்டுகள். ஒரு சீட்டில் ஒரே வகைச் சரக்குதான்: ஒன்றில் சொற்கள், ஒன்றில் டைனமிக்ஸ் என்ற சத்த அடையாளங்கள், ஒன்றில் சத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும் ஹேர்பின், ஒன்றில் மெட்ரோனோம், ஒன்றில் பெடல். ஆனால் ஓர் உறைக்குள் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் போடலாம். கவனிக்க வேண்டியது, முகவரி உறையின் மேல் இருக்கிறது, சீட்டின் மேல் இல்லை. எந்த ஸ்டாஃப், எந்தக் குரல், மேலா கீழா, பாருக்குள் எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் உறைக்கு ஒரு தடவைதான் சொல்லப்படும். உள்ளே இருக்கும் அத்தனை சீட்டும் அதே வீட்டுக்கு, அதே நேரத்துக்குப் போய்ச் சேரும்.

‘மெனோ’ ஒரு சீட்டு, ஃபோர்ட்டே அடுத்த சீட்டு, இரண்டும் ஒரே உறை. இப்படி எழுதியிருந்தால் பெரியவர் வில்லை இறக்கியிருக்க மாட்டார். எந்த மென்பொருளும் ஒரே உறையைக் கிழித்துப் பங்கு போடாது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கிழித்தால் பிழை அதனுடையது.

*

ஏன் இரண்டு சீட்டு? இரண்டும் எழுத்துகள்தானே?

இல்லை. ஃபோர்ட்டே அடையாளம் பார்ப்பதற்கு எழுத்து, பிழைப்பு குறியீடாக. அது இசை எழுத்துருவிலிருந்து வருகிறது, ‘மெனோ’ சாதாரணப் புத்தக எழுத்துருவின் சாய்வெழுத்திலிருந்து வருகிறது. கணினி வாசித்துக் காட்டும்போது ஃபோர்ட்டேயைக் கண்டால் சத்தத்தை ஏற்றும், ‘மெனோ’வைக் கண்டால் ஒன்றும் செய்யாது. ஒன்றை அடைமொழி என்றும் மற்றதைச் சொல் என்றும் நாம் சேர்த்தே படிக்கிறோம். கணினிக்கு ஒன்று அலங்காரம், மற்றது கட்டளை.

சோம்பேறிகள் செய்கிற குறுக்கு வழி ஒன்று உண்டு. இரண்டையும் சொற்களாகவே அடித்து, இரண்டாவதுக்குத் தடித்த எழுத்து கொடுத்துவிடுவது. தாளில் அழகாக வரும். ஒலியில் ஒன்றும் நடக்காது. நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

*

எதை எதோடு கட்டுவது? எனக்கு நானே வைத்துக்கொண்ட சோதனை: ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதன் பொருள் மாறுமா?

‘மெனோ ஃபோர்ட்டே’: மாறும், தலைகீழாகவே. கட்டு.

‘பிட்ஸிக்காட்டோ’வும் ஃபோர்ட்டேயும் ஒரே நோட்டில் வந்தால்: மாறாது. ஒன்று வில்லை விட்டு விரலால் மீட்டு என்பது, மற்றது எவ்வளவு சத்தம் என்பது. ஒன்று ஸ்டாஃபுக்கு மேலே நிற்கும், மற்றது கீழே. பிட்ஸிக்காட்டோ, வில்லுக்குத் திரும்பச் சொல்லும் ‘ஆர்க்கோ’ வரும்வரை உயிரோடு இருக்கும், ஃபோர்ட்டே அடுத்த டைனமிக்ஸ் வரும்வரை. ஒரே நாளில் பிறந்ததால் இரண்டு பேரும் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள். கட்டாதே.

‘பியானோ, டோல்ச்சே’, அதாவது மெல்ல, இனிமையாக: இதில்தான் தடுமாறுகிறேன். டோல்ச்சேயை எடுத்தால் பியானோ பியானோதான். ஆனால் எந்தப் பதிப்பாளரும் இரண்டையும் ஒரே அடிக்கோட்டில், ஒன்றின் தோளில் ஒன்றாகத்தான் நிறுத்துவார். ஒன்றை நகர்த்தினால் மற்றதும் நகர வேண்டும். பொருளால் அரை உறவு, இடத்தால் முழு உறவு. கட்டிவிடுகிறேன்.

*

வேகக் குறிப்பு தனி ருசி. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி, முதல் பாகம்: ‘அலெக்ரோ மா நோன் ட்ரோப்போ, உன் போக்கோ மாயெஸ்தோஸோ’, கால் நோட்டு = 88. கோப்பில் இது ஒரே உறையில் இரண்டு சீட்டு, சொற்களும் மெட்ரோனோமும். கூடவே உறைக்குள் மூன்றாவதாக ‘சவுண்ட்’ என்ற ஒரு கூறு, வேகம் 88 என்று. முதல் இரண்டு கண்ணுக்கு, மூன்றாவது ஒலிபெருக்கிக்கு. மெட்ரோனோம் அச்சில் வேண்டாம், ஆனால் கணினி சரியான வேகத்தில் வாசிக்க வேண்டும் என்றால் இரண்டாவதை எடுத்துவிட்டு மூன்றாவதை மட்டும் விட்டுவைக்கலாம்.

ஆனால் அந்தச் சொற்களும் எண்ணும் ஒரே மூச்சில் பிறந்தவை அல்ல. சிம்பொனி 1824 மே 7-இல் வியன்னாவில் அரங்கேறிவிட்டது. மெட்ரோனோம் எண்களைப் பீத்தோவன் 1826-இல்தான் பதிப்பாளர் ஷாட்டுக்கு எழுதி அனுப்பினார். இரண்டு வருஷ இடைவெளியை அச்சுப் பக்கம் ஓர் அடைப்புக்குறிக்குள் மறைத்துவிடுகிறது. ஒரே உறையில் போடுகிறவன் தெரிந்தோ தெரியாமலோ இரண்டும் சேர்ந்தவை என்று ஒரு முடிவைச் சொல்லிவிடுகிறான். வாசிப்பவருக்கு இது பரவாயில்லை. ஆய்வுப் பதிப்பு தயாரிப்பவருக்குப் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன்.

*

உறை முறையின் பலவீனம் பக்கவாட்டில் தெரிகிறது. பியானோவில் தொடங்கி, ஹேர்பின் விரிந்து, ஃபோர்ட்டேயைத் தொட்டு, மறுபடி குறுகி, பியானோவில் முடியும் ஒரு வாக்கியம். வாசிப்பவருக்கு இது ஒரே அலை. அச்சுக் கோக்கிறவருக்கும் ஒரே வரி. ஐந்து அடையாளமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், நடுவில் ஒரு தாழ்ந்த நோட்டு வந்து இடித்தால் ஐந்தும் சேர்ந்து கீழே இறங்க வேண்டும்.

ஆனால் உறைக்கு ஒரே நேரம்தான். நாலு பார் நீளமுள்ள அலையை ஓர் உறைக்குள் மடித்து வைக்க முடியாது. அதிகபட்சம் செய்யக்கூடியது: முதல் உறையில் பியானோவும் ஹேர்பின் தொடக்கமும், இரண்டாவதில் ஹேர்பின் முடிவும் ஃபோர்ட்டேயும் அடுத்த ஹேர்பின் தொடக்கமும், மூன்றாவதில் அதன் முடிவும் பியானோவும். ஹேர்பின் தொடக்கமும் முடிவும் எண்ணால் இணையும். பூத்தொடுப்பது மாதிரி, ஒவ்வொரு முடிச்சிலும் முன்பூவின் காம்பும் பின்பூவின் காம்பும் சேர்கின்றன. முழுச் சரத்துக்கு என்று ஒரு பெயர் கோப்பில் எங்கும் இல்லை. படிக்கிற மென்பொருள் முடிச்சுகளைப் பார்த்துச் சரத்தை ஊகிக்க வேண்டும்.

நிஜத்தில் கைக்கு வரும் கோப்புகளில் முடிச்சும் இருப்பதில்லை. ஐந்து குறி, ஏழு உறை. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் உயரம் எழுதப்பட்டிருக்கும். போன வாரம் வந்த ஒன்றில் பியானோ ஸ்டாஃபின் மேல்கோட்டிலிருந்து 80 கீழே, ஹேர்பின் 72 கீழே, ஃபோர்ட்டே 85 கீழே. ஸ்டாஃபின் இரு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 10 என்பது இந்த அளவின் கணக்கு. அதாவது முழு இடைவெளிக்கும் மேலாக ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி, பல் விழுந்த சீப்பு மாதிரி. யாரோ அனுப்பும்முன் கையால் இழுத்துச் சரிசெய்து, பிறகு நோட்டை நகர்த்தி, பிறகு மறந்திருக்கிறார்.

*

ஒரே சத்த அடையாளத்துக்கு இந்த வடிவத்தில் இரண்டு வீடுகள் உண்டு என்பதையும் எழுதி வைக்கிறேன். டைரக்‌ஷன் உறைக்குள் போடலாம், அல்லது நோட்டுக்குள்ளேயே, ஸ்டக்காட்டோ புள்ளி போடும் இடத்துக்குப் பக்கத்தில், ‘நொட்டேஷன்ஸ்’ பகுதியில் போடலாம். இரண்டும் செல்லும். நோட்டோடு ஒட்டியதற்கு முகவரிக் குழப்பம் வராது. ஆனால் ‘மெனோ’வைக் கூட அழைத்துப்போக முடியாது, அந்த வீட்டில் சொற்களுக்கு இடமில்லை.

நம் பக்கத்து ஸ்வரப் புத்தகங்கள் நினைவுக்கு வருகின்றன. சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்ப்ரதாய ப்ரதர்சினி, 1904, எட்டயபுரம். அதில் கமகக் குறிகள் ஸ்வரத்தோடேயே நிற்கும். குறி யாருடையது என்ற கேள்வியே எழாது. அந்தரத்தில் மிதக்கும் ‘கொஞ்சம் மெதுவாக, ஆனால் அதிகமில்லாமல்’ மாதிரி ஆசாமிகளை அவர் சமாளிக்க வேண்டியிருக்கவில்லை.

*

பழைய செதுக்குத் தகடுகளில் அச்சானவை பலவற்றிலும் வரும் வழக்கம்: ‘கிரெ… ஷென்… டோ’. ஒரே சொல்லை மூன்று துண்டாக்கி எட்டு பார் நெடுகப் பரப்பிவிடுவார்கள். சொல் முடியும் இடம்வரை சத்தம் ஏறிக்கொண்டே போகும் என்று கண்ணுக்குச் சொல்லும் அருமையான வழி. கோப்பில் அது மூன்று உறை. ‘கிரெஷெண்டோ’ என்று தேடினால் கிடைக்காது. மூன்று அநாதைத் துண்டுகள், நடுவில் சில கோடுகள்.

எரிச்சல் என்னவென்றால், பாட்டு வரிகளுக்கு இதே வடிவம் இந்த வசதியை வைத்திருக்கிறது. ஒவ்வொரு அசைக்கும் இது சொல்லின் தொடக்கம், நடு, முடிவு, அல்லது ஒற்றைச்சொல் என்று சொல்லலாம். ‘அல்லேலூயா’வை நான்கு நோட்டுக்கு நான்காகப் பிரித்தாலும் ஒரு சொல்லாகத் திரும்பக் கூட்டிவிடலாம். கிறிஸ்தவக் கீர்த்தனைகளை நோட்டுக்குக் கீழே அடிக்கும்போது இதன் அருமை தெரியும். பாடுகிறவரின் சொல்லுக்கு உள்ள மரியாதை வாசிப்பவருக்கான சொல்லுக்கு இல்லை.

*

இதைவிட மோசம் ‘போக்கோ ஆ போக்கோ’. கொஞ்சம் கொஞ்சமாக. பக்கம் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் செதுக்கியவர் முதல் ‘போக்கோ’வை 62-ஆவது பாரில், ‘ஆ’வை 64-இல், இரண்டாம் ‘போக்கோ’வை 66-இல் வைத்திருக்கிறார். ஸ்கேன் செய்து நோட்டை அடையாளம் காணும் மென்பொருள் 64-இல் ‘ஏ’ என்ற ஓர் ஒற்றை எழுத்தைக் கண்டதும் ஒத்திகை அடையாளம் என்று முடிவு கட்டி, சுற்றிலும் கட்டம் போட்டுக் கொடுத்தது. முதல் பிரதியில் அப்படியே போய்விட்டது. “ஏ-யிலிருந்து எடுங்க” என்றார் கண்டக்டர். பாதிப் பேர் பாட்டின் முதலிலிருந்து எடுத்தார்கள்.

*

எம்இஐ இன்னொரு கோப்பு வடிவம், வேறு குலம். வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் பெரி ரோலண்ட் தொடங்கியது, ஆய்வாளர்களின் வீட்டுப் பிள்ளை. அங்கே தொடக்கமும் முடிவும் இரண்டு உறையில் போகாது. ஹேர்பின் என்பது ஒரே பொருள். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று தன்மேலேயே எழுதி வைத்திருக்கும்: இத்தனை பார் தள்ளி, இத்தனையாவது பீட்டில் என்று. ‘கிரெஷெண்டோ’ என்ற சொல்லும் அதன் பின்னால் ஓடும் புள்ளிக்கோடும் ஒரே டைனமிக்ஸ் பொருளாக இருக்கலாம். மியூசிக்எக்ஸ்எம்எல்லில் அதே விஷயம் சொல்லுக்கு ஒரு சீட்டு, கோட்டின் தொடக்கத்துக்கு ஒரு சீட்டு, எங்கோ தொலைவில் கோட்டின் முடிவுக்கு இன்னோர் உறை.

‘மெனோ ஃபோர்ட்டே’ அங்கே ஒரே டைனமிக்ஸ் பொருளுக்குள் கலந்த எழுத்தாகப் போய்விடும். சர வரிசைக்கும் ஒரு வழி உண்டு. ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டியவை எல்லாவற்றுக்கும் ஒரே குழு எண் கொடுத்துவிடலாம். இது சின்ன வசதிதான், ஆனால் ஏழு உறைகளோடு மல்லுக்கட்டியவனுக்கு எவ்வளவு பெரிது என்று தெரியும். பியானோ வாத்தியத்துக்கான நோட்டில் இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவே நிற்கும் ஃபோர்ட்டே இரண்டு கைக்கும் பொது. எம்இஐ-யில் ‘நடுவே’ என்றே ஓர் இடம் உண்டு, இரண்டு ஸ்டாஃபையும் உரிமையாளர்களாகச் சொல்லவும் முடியும். மியூசிக்எக்ஸ்எம்எல்லில் மேலே, கீழே, அவ்வளவுதான். யாராவது ஒரு கைக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டு, மறு கை புரிந்துகொள்ளும் என்று நம்ப வேண்டும்.

ஆனால் எம்இஐ கேள்வி கேட்கும். இது வேகமா, டைனமிக்ஸா, பொதுக் குறிப்பா? எந்தப் பெட்டி? ‘கலாண்டோ’ வந்தால் என்ன செய்வது? சத்தமும் குறைய வேண்டும், வேகமும் குறைய வேண்டும். ‘கிரெஷெண்டோ எத் அச்செலெராண்டோ’ என்றால் இரண்டும் ஏற வேண்டும். ஒரு பெட்டியில் போட்டால் மற்றப் பாதி பொய்யாகிறது. பொதுக் குறிப்பில் போட்டுவிட்டுப் போய்விடுகிறேன். கோழைத்தனம்தான்.

*

லிலிபாண்ட் என்ற நோட்டு மென்பொருளில் நான் ஒன்றும் கேட்காமலேயே அடுத்தடுத்து வரும் டைனமிக்ஸும் ஹேர்பினும் தாமாக ஒரு கோட்டில் நிற்கும். வேண்டாம் என்றால்தான் அறுக்கக் கட்டளை கொடுக்க வேண்டும். அது நல்ல இயல்பு. சேர்ந்திருப்பது வழக்கமாகவும் பிரிப்பது செயலாகவும் இருக்க வேண்டும், மாறி இருக்கக் கூடாது.

*

லீலண்ட் ஸ்மித் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய ‘ஸ்கோர்’ நிரலில் ஒவ்வொரு பொருளும் எண்களின் வரிசை. என்ன பொருள், எந்த ஸ்டாஃப், கிடையில் எங்கே, உயரத்தில் எங்கே. உறவு என்று ஒன்றுமே கிடையாது, இடம் மட்டும்தான். அச்சு அபாரமாக வரும். அந்த நிரலை வைத்து வேலை செய்தவர்கள் உறவையெல்லாம் தங்கள் தலைக்குள் வைத்திருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் கோப்போடு அந்தத் தலையும் போய்விடும்.

*

சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி, 1893. முதல் பாகத்தின் நடுவில் பாசூனுக்கு நான்கு நோட்டு, ஆறு ‘பி’ போட்ட பியானிஸ்ஸிமோ. பாசூனில் அவ்வளவு சன்னமாக வாசிக்க முடியாது என்று பலர் அதை பாஸ் கிளாரினெட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். மியூசிக்எக்ஸ்எம்எல்லின் தயார் அடையாளங்களில் ‘பி’ வரிசையின் கடைசிப் படி சரியாக ஆறு ‘பி’. அந்தப் பக்கம் ஆறு ‘எஃப்’.

லிகெட்டி தன் செல்லோ கான்செர்ட்டோவை எட்டு ‘பி’யில் ஆரம்பிக்கிறார். அதற்குத் தயார் அடையாளம் இல்லை. ஆனால் டைனமிக்ஸ் சீட்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளத்தை ஒட்டி வைக்கலாம். ஆறும் இரண்டும் எட்டு. ஒட்டியவற்றை ஒன்றாகப் படிக்க வேண்டும் என்பது மரபு. பிரித்துப் படித்தால் முதலில் ஆறு ‘பி’, உடனே இரண்டு ‘பி’ என்று சத்தம் ஏறிவிடும். அப்படிப் படிக்கிற மென்பொருள் இருக்குமோ என்று பயந்து இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

*

பிரெய்ல் இசையெழுத்து. லூயி பிரெய்ல் 1829-இல் வெளியிட்ட முறையிலேயே இசைக்கும் இடம் இருந்தது. விரலுக்கு மேல், கீழ் என்று பார்வை இல்லை. எல்லாம் ஒரே வரி. அதனால் சொல் வருகிறது என்று சொல்ல 3, 4, 5 புள்ளிகள் கொண்ட ஓர் அடையாளம் முன்னால் வரும். ஒரு சொல்லுக்கு மேல் நீண்ட குறிப்பு என்றால் அதே அடையாளம் பின்னாலும் வந்து மூடும். திறப்பு, மூடல். இங்கே தொடங்கி இங்கே முடிகிறது, நடுவில் உள்ளதெல்லாம் ஒரே பேச்சு. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே விரல்களுக்காகச் செய்துவிட்டார்கள்.

*

மியூசிக்எக்ஸ்எம்எல் 4.0 பதிப்பில் வந்த ஒரு சின்ன மாற்றத்தை இப்போதுதான் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறேன். ஒரு குறிப்பு ஒரு வாத்தியத்துக்கு மட்டுமா, முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்குமா என்று உறையின் மேலேயே எழுதலாம். முன்பெல்லாம் ‘அலெக்ரோ’வை ஃப்ளூட்டின் தலையில் வைத்துவிட்டு, அது எல்லாருக்கும் என்று கண்ணால் புரிந்துகொள்வோம். பார்ட்டுகளைத் தனித்தனியாகப் பிரித்தால் ஃப்ளூட்காரருக்கு மட்டும் வேகம் தெரியும். இப்போது உச்சியில் மட்டும் அச்சிடு, ஆனால் எல்லாருக்கும் சொந்தம் என்று சொல்லலாம். என் ‘மெனோ’வுக்கு இதைத் தப்பாகப் போட்டிருந்தால் இன்னும் கேவலமாக ஆகியிருக்கும்.

*

41-ஆவது பாரைத் திருத்திப் புதுத் தாள் எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் வாங்கி ஸ்டாண்டின் பின்பக்கம் செருகிவிட்டு, பழைய தாளையே முன்னால் வைத்துக்கொண்டார். அதில் ஃபோர்ட்டேயின் முன்னால் பென்சிலால் தமிழில் ‘மெனோ’ என்று எழுதி, இரண்டையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டிருந்தார். “இது பழகிடுச்சுப்பா” என்றார்.

64-இல் உள்ள ‘ஆ’வின் கட்டத்தை எடுத்துவிட்டேன். எந்த உறையோடு சேர்ப்பது என்று இன்னும் தெரியவில்லை. 62-க்கு இழுத்தால் அலை சுருங்குகிறது, 66-க்குத் தள்ளினால் நடுவில் வெற்றிடம். இப்போதைக்கு அங்கேயே நிற்கிறது.